என் கம்போஸ்ட்டும் எச்சில் இலையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். கேட்டுக்கு உள்ளே ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது.

யாராவது பரிசு வைத்துவிட்டுப் போனார்களா? அந்த பாக்கியம் எனக்கேது! என் மூட்டைதான். நானே சலித்து, நானே கட்டி, எதிர்வீட்டுக் கமலா மாமிக்கு விற்ற கம்போஸ்ட் மூட்டை. வாய்க்கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. பொழுது விடிவதற்குள் ஆள் வைத்து இறக்கியிருக்கிறார். பெல் அடிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் இன்னும் சில மூட்டைகள் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே தெருவிலிருந்து. எதற்கும் துணையாக ஒரு வார்த்தை வரவில்லை.

விஷயம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மைசூரில் எங்கள் வீட்டுப் பின்புறம் மூன்று சிமென்ட் உறைகள் இருக்கின்றன. கிணற்றுக்கு இறக்குவார்களே, அந்த உறைகள். காய்கறித் தோல், காபிச் சக்கை, வாசலில் நிற்கும் ஹொங்கே மரம் — நம் புங்க மரம்தான் — கொட்டுகிற சருகு, எல்லாம் அதற்குள் போகும். ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு குப்பை, மேலே கொஞ்சம் புளித்த மோர். அவ்வப்போது கிளறிவிட வேண்டும். உள்ளே கை வைத்தால் ஜுரம் கண்டவர் நெற்றி மாதிரி சுடும். அந்தச் சூடு அடங்கியபின் எடுத்து மணல் சல்லடையில் சலித்தால்... காபித்தூள் தோற்றுப்போகும்!

என் தொட்டிச் செடிகளுக்கு எவ்வளவு வேண்டும்? மிச்சம் குவிந்து கிடந்தது. கமலா மாமிக்கு ஒரு பை கொடுத்தேன். மேலுக்கோட்டையிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக மைசூரிலேயே இருக்கும் ஐயங்கார் குடும்பம். மாமியின் மல்லிகை அந்த வருஷம் பூத்த பூப்பு தெருவே பார்த்தது.

"இனிமே காசு வாங்கிக்கோங்கோ சரோஜா. சும்மா வாங்கிக்கறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கு ரீ" என்றார் மாமி, கன்னடத்து மரியாதைச் சொல்லையும் ஒட்டவைத்து. அவர்தான் என் முதல் கஸ்டமர்.

அந்தக் காசு எனக்கு என்ன என்று எப்படிச் சொல்வது? என் கணவர் நல்ல மனிதர். கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவார். கொடுப்பதற்கு முன்னால் "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். திட்டுவதில்லை, முறைப்பதில்லை. வெறும் "எதுக்கு?" கல்யாணமான நாளாக அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இந்தப் பத்திக்கு வருகிற மணியார்டர் இருக்கிறதே என்பீர்கள். அது ஆடி அசைந்து வருவதற்குள் அதை எழுதியது நானா என்பதே எனக்கு மறந்துவிடும். (ஆசிரியர் இந்த வரியை வெட்டினால் நான் பொறுப்பல்ல.)

கம்போஸ்ட் காசில் ஒரு மைசூர் சில்க் வாங்கினேன். யாரும் எதையும் கேட்கவில்லை. கடையிலிருந்து பஸ் ஏறாமல், பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் ராணி.

அப்புறம் ஆசை பெரிதானது. தசரா வந்தால் மைசூரில் வீட்டுத் தோட்டப் போட்டி நடக்கும். பரிசு வாங்கத் தெருவுக்குத் தெரு அம்மாள்கள் மண்வெட்டியும் கையுமாக அலைவார்கள். எங்கள் தெருவில் ஒருவர் சொல்லி ஒருவர் வந்து "எனக்கு ஒரு மூட்டை, எனக்கு ரெண்டு" என்றார்கள். என் வீட்டு வெண்டைக்காய்க் காம்பும் வெங்காயத் தோலும் எந்த மூலைக்கு?

இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் பின்பக்கம் வாழை இலை மலையாகக் குவியும். வாட்ச்மேனிடம் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, எனக்கு நாத்தம் குறையும்" என்றார். கோணிப்பையில் கட்டி ஆட்டோவில் கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார், நான் பொத்தவில்லை. சோறும் ஹோளிகேயும் — நம் போளிதான் — ஒட்டிய வாழை இலைக்கு ஈடான சரக்கு உண்டா? உறைக்குள் நெருப்பாகச் சூடேறி, இலை இருந்த இடம் தெரியாமல் மக்கி, கறுகறுவென்று வந்தது பாருங்கள்... என் பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கியபோதுகூட நான் அப்படிப் பூரித்ததில்லை.

பெருமைதான் ஆளைக் கவிழ்த்தது.

எங்கள் பகுதி மகளிர் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தட்டு நிறையக் கம்போஸ்ட் எடுத்துக்கொண்டு போனேன். கன்னடத்தில்தான் பேசினேன். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள். ஒரு அம்மாள் நெற்றியில் இட்டுக்கொள்ளாத குறை. செக்ரட்டரி அம்மா "இவ்வளவு கறுப்பாக எப்படி?" என்று கேட்டார். நானும் ஏதோ வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் குஷியில், மண்டபத்து இலை, ஆட்டோ, வாட்ச்மேன், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

கை மாறிக்கொண்டிருந்த தட்டு சட்டென்று மேஜைக்குத் திரும்பியது.

"எஞ்சலு எலெயா?" என்றார் செக்ரட்டரி அம்மா. எச்சில் இலையா?

தொட்டுப் பார்த்த கைகள் எல்லாம் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டன. பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. "யார மதுவெயதோ ஏனோ..."

யார் வீட்டுக் கல்யாணமோ என்னவோ!

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மூட்டைகள் திரும்பி வந்தன. நான் மாமி வீட்டுக்குப் போனேன். மாமி கதவைப் பாதி திறந்தார். கண் சிவந்திருந்தது.

"நீங்க வேணும்னு பண்ணலைன்னு தெரியும் சரோஜா. ஆனா, முன்னாடி வாங்கினதைத் துளசி மாடத்துல போட்டுட்டேனே! சிராவண சனிக்கிழமை பெருமாளுக்கு அந்தத் துளசியைத்தானே ரீ சாத்தினேன். இப்போ நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்கோ."

"அது மக்கி மண்ணாயிடுச்சு மாமி. அதுல இலையும் இல்ல, சோறும் இல்ல."

"மண்ணானாலும் எச்சல் எச்சல்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இதைப் போய்க் கேக்கணும்னு யாருக்காவது தோணுமா?"

பாதிக் கதவு வழியே துளசி மாடத்தைப் பார்த்தேன். மாடத்து மண்ணையெல்லாம் தோண்டி எடுத்து, புது மண் போட்டு, துளசியை மறுபடி நட்டிருந்தார். துளசி தலை தொங்கி நின்றது. மாமி திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அழுகிறவரிடம் என்ன சண்டை போடுவது?

எனக்கு எச்சில் தெரியாதா? எங்கள் வீட்டிலும் சாப்பிட்ட இலையை எடுத்த கையோடு சாமி படத்தைத் தொடமாட்டோம். அதனால் மாமியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் மற்ற மூட்டைகளின் மேல். துளசி மாடமே இல்லாத வீடு, ஞாயிற்றுக்கிழமையானால் கோழிக்குழம்பு மணக்கும் வீடு, எல்லாம் அல்லவா திருப்பி அனுப்பின? எச்சில் என்பது வெளியே சொல்கிற காரணம். எந்த ஜாதியின் எச்சில் என்பதுதான் உள்ளே கிடந்து குடைகிறது. மண்டபத்தை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம் அல்லவா? அங்கேதான் பயம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். செக்ரட்டரி அம்மாவின் அண்ணன் மகள் கல்யாணம் இந்தக் கோடையில் அதே மண்டபத்தில்தான் நடந்தது. தெருவே போய்ச் சாப்பிட்டது. நானும்தான். மறுநாள் அந்த இலைகளைத்தான் அள்ளிவந்தேன். தன் எச்சில் தனக்கே ஆகவில்லை என்று அந்த அம்மாளிடம் போய்ச் சொல்ல நாக்கு துடித்தது. கணவர் தடுத்துவிட்டார்.

"இலை சமாச்சாரத்தை ஏம்மா வெளியே சொன்னே? காய்கறித் தோல்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல. வியாபாரம்னா அப்படித்தான்" என்றார்.

அப்படித்தானா? பொய் சொல்லியிருந்தால் நான் கெட்டிக்காரி. உண்மையைச் சொன்னதால் அசடு. அன்றைக்குப் பின்புறம் போய், சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து அழுதேன். மூட்டைக்காக இல்லை. இனி புடவை வேண்டுமென்றால் மறுபடி கேட்டுத்தானே வாங்க வேண்டும்!

தெருவுக்கு உரம் வேண்டாமா? போட்டி நெருங்குகிறதே. எல்லோரும் பால்கார மகாதேவப்பாவிடம் சாண எரு சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சாணம் சுத்தம். துளசிக்கும் போடலாம்.

நேற்று வாட்ச்மேனிடம் இனி இலை வேண்டாம் என்று சொல்ல மண்டபத்துக்குப் போனேன். முகூர்த்த நாள். பின்பக்கம் இலை குவிந்திருந்தது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மகாதேவப்பாவின் பசுக்கள் — கழுத்து மணி ஆட ஆட, ஒட்டியிருந்த சாம்பார் சாதத்தோடு இலை இலையாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. மகாதேவப்பா பக்கத்தில் நின்று அவற்றின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மதுவெ சீசன்ல ஹாலு ஜாஸ்தி அக்கா!" என்றார் சந்தோஷமாக.

கல்யாண சீசனில் பால் அதிகமாம். எருவை விடுங்கள். தெரு முழுக்கக் காலையில் குடிக்கிற காபியே இந்த இலைதான்!

நேரே மாமி வீட்டுக்குப் போனேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். மாமி நிதானமாகக் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"மாட்டுக்கு ஏது ரீ எச்சல்? கோமாதா வயத்துக்குள்ள போயிட்டா எல்லாம் சுத்தம்தானே" என்றார். சொல்லிவிட்டு, போன வாரத்தையெல்லாம் மறந்தவர் மாதிரி, உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார்.

குடித்தேன். நல்ல காபி.

என் உறைகள் மூன்றும் காலி. மண்டபத்து இலையை வைத்து எங்கள் தெருவில் வியாபாரம் மட்டும் ஜாம் ஜாமென்று நடக்கிறது. முதலாளிதான் மாறிவிட்டார்... நாலு கால், ஒரு வால்.