அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை பின்னும் ஓர் அம்மாளின் விரல்கள் நைலான் நூல் அறுத்துத் தழும்பேறியவை. யாரோடு பேசினாலும் கண் கடலைவிட்டு நகராது. காற்று எச்சரிக்கை பார்ப்பதற்காக, டிவியையே திரையாக வைத்து ஓடும் அவருடைய அரதப்பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபை பொருத்தப் போயிருந்தேன்.

“ஒரு தடவை அணைச்சுப் போட்டா வைஃபை வந்துரும்மா,” என்று சுவிட்சில் கைவைத்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “வேணாம்பா. எம்புள்ள கடல்ல கீறான். அவன் கரையேறுற வரிக்கும் வூட்ல எதையும் அணைக்க மாட்டேன்.”

காற்று கூரையை உலுக்கியது, மின்சாரம் போனது. அவர் என் கையை விட்டார். விறைத்துப்போய் வாசலுக்கு நடந்தார்.

மின்சாரம் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானே ஓடத் தொடங்கி, வைஃபை இணைந்துவிட்டதாகத் திரை காட்டியது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். சகுனமெல்லாம் நம்பாத நானும் அவர் பக்கத்தில் போய், படகு தெரிகிறதா என்று பார்த்தபடி நின்றேன்.