ஸ்டெப்னி சக்கரத்தின் முத்திரை

அப்பாவின் காருக்கு ஆலையிலிருந்து வந்த ஐந்து சக்கரங்களும் ஒரே மாதத்தில் செய்தவை. பெயிண்டைச் சுரண்டினால், காற்றடிக்கும் துளைக்குப் பக்கத்தில் மாதமும் வருடமும் எண்களாகக் குத்தியிருப்பது தெரியும். நான்கில் அது ஒன்றாகவே இருந்தது. டிக்கியில் கிடந்த ஐந்தாவது மட்டும் மூன்று வருடம் பிந்தியது. விபத்தில் தொலைந்ததற்குப் பதிலாக எங்கிருந்தோ வாங்கிப் போட்டது. அளவு சரிதான். ஆனால் தேதி பொருந்தாத எதையும் என்னால் சும்மா விட முடிவதில்லை.

அந்த வாரத்தைப் பற்றி அப்பாவின் டைரியில் இரண்டே வரிகள். புதன்: ஆயுத பூஜை, சக்கரங்களுக்குப் பெயிண்ட். வியாழன்: முன் இடது சக்கரம் பஞ்சர், மெக்கானிக் ஸ்டெப்னி மாட்டினான். அதற்குப் பிறகு வருடம் முடியும்வரை வெற்றுத் தாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா அக்காவை அவள் வேலை பார்த்த பள்ளிக்கு அழைத்துப் போனார். ஆழ்வார்திருநகரிக்கு முன்பே அந்த ஸ்டெப்னி கழன்று ஓட, கார் வாய்க்காலில் கவிழ்ந்தது. அக்கா இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அப்பா பிழைத்தார்.

மெக்கானிக் நட்டை முறுக்கவில்லை என்று அப்பா சொன்னார். தெருவே சொன்னது. நானும் சொன்னேன். அடுத்த சித்திரைக்குள் அவர் பட்டறையை மூடிவிட்டார்.

சென்ற ஆவணியில், அதே தேதிச் சக்கரம் தேடி, முத்திரையைப் படம் எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டை பழைய இரும்புக் கடைக்கு மூன்றாவது முறையாகப் போனேன். கடைக்கார அண்ணாச்சி சிரித்தார்.

"பொண்ணுக்கு நட்சத்திரம் பாக்குத மாதிரி சக்கரத்துக்குப் பாக்கீரு வே! உம்ம காருலருந்து கழண்டதே இருக்கு. உம்ம பழைய மெக்கானிக் வீட்டுல. நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன், தர மாட்டாரு."

மெக்கானிக் ஊரின் மறுகோடியில், பேட்டையில், மகள் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கு சுற்றிய சக்கரத்தை இழுத்தார். முத்திரை பொருந்தியது.

"எதுக்கு இத்தன வருசம் வச்சிருக்கீங்க?"

"அன்னைக்கு வாய்க்கா ஓரத்துல கெடந்தத எடுத்தாந்தேன். உங்க வீட்டுலருந்து ஒருத்தராவது வந்து பாப்பாகன்னுதான். விரல வச்சுப் பாருங்க."

நட்டு மாட்டும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. ஓரங்களில் கிரீம் நிறப் பெயிண்ட் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"வண்டியில மாட்டியிருந்த நாலுக்கும் நட்டோட சேத்து அடிச்சிருந்தாக. நட்டு உக்காருத எடத்துல பெயிண்ட் போகல. இது டிக்கியில கெடந்ததுல்லா? ஓட்டைக்குள்ளயும் கெட்டியா அப்பியிருக்கு. நான் முறுக்குனேன் தம்பி, ஏறி நின்னு முறுக்குனேன். நட்டு பெயிண்டத்தான் புடிச்சுது. ஓட ஓட அது பொடிஞ்சு, நட்டு லூசாயிட்டு." துளையோரத்துப் பெயிண்டை நகத்தால் சுரண்டினார். "சொரண்டிட்டு மாட்டியிருக்கணும். அது என் தப்பு. முறுக்கலன்னு சொன்னது பொய்."

பிறகு கேட்டார்: "இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

அந்த ஆயுத பூஜை அன்று எனக்குக் கல்லூரி விடுமுறை. ஸ்டெப்னியை முற்றத்தில் சாக்கின்மேல் போட்டு இரண்டு முறை அடித்தேன். துரு ஏறக் கூடாதென்று துளைகளுக்குள்ளும் தூரிகையை விட்டுத் திருப்பினேன். புதுசு மாதிரி இருக்கு என்று அப்பா சொன்னார்.

"அப்பாதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அவுகளும் போய்ச் சேந்துட்டாக. இனி யாருக்குக் காட்ட இத வச்சிருக்கணும்? கொண்டு போங்க."

சக்கரத்தை வாசல்வரை அவரே உருட்டி வந்து ஆட்டோவில் ஏற்றினார்.

இப்போது ஐந்தும் ஷெட்டில் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. மாதமும் வருடமும் ஒன்றுதான். டைரியில் புதன்கிழமை வரிக்கு எதிரே, பெயிண்ட் அடித்தது நான் என்று எழுதித் தேதி போட்டேன். மெக்கானிக்கைப் பார்க்கப் பேட்டைக்கு இன்னும் போகவில்லை.