நாற்பத்தைந்தாம் எண்ணில் ஒரு மேடு

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது.

காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கலத்துக்குள், மைனஸ் இருநூற்று நாற்பது டிகிரியில், அம்மோனியாவையும் எத்திலீனையும் கலந்து ஒரு தகட்டின்மேல் உறைய வைப்போம். அதன்மேல் மிகக் குறைந்த ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களைப் பாய்ச்சுவோம். பிறகு மெல்லச் சூடாக்கினால், புதிதாக உருவான பொருள் ஆவியாகி, திரையில் அதன் மூலக்கூறு எடைக்குரிய எண்ணில் ஒரு மேடாகத் தெரியும். பதினாறு வருடமாக அந்தக் கலத்தைப் பராமரிப்பவன் நான். எப்போது திறந்தோம், எதனால் துடைத்தோம் என்பது வரை என் நோட்டில் இருக்கும்.

மண்ணூரிலிருந்து வரும் சக ஊழியரான ஒரு பெண், செல்போன் தொழிற்சாலையில் தரம் பார்த்துக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கியவர். எங்களிடம் வந்து எட்டு மாதம்தான். அவர் நாற்பத்தைந்தாம் எண்ணில் ஒரு சின்ன மேட்டைக் காட்டி, அம்மோனியாவும் எத்திலீனும் சேர்ந்து புதுப் பொருள் உண்டாகியிருக்கிறது என்றார். எங்கள் தலைவர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் எலெக்ட்ரான் பாய்ச்சும் இழை எரிந்துபோனது. தலைவருக்குச் சந்தேகமும் வந்தது. பூஜைக்கு வைத்த சந்தனத்தை ஸ்பிரிட்டால் துடைத்த கையோடு கலத்தைத் திறந்து மூடியது அந்தப் பெண்தான். ஸ்பிரிட்டும் அதே எண்ணில்தான் தெரியும். வேறு ஆதாரம் இல்லையென்றால் இந்த ஆய்வுக்குப் புது இழை கிடையாது என்றுவிட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அவர் என்னிடம் வந்தார். “அண்ணா, நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெச்சிகினு இருக்கீங்க. பூஜைக்கு முன்னாடி எப்பனா இது வந்துச்சா?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். முந்தின நாளே பார்த்துவிட்டிருந்தேன். ஜூன் மாதம், மூன்று நாள், அதே மேடு. பக்கத்தில் ‘ஸ்பிரிட் அழுக்கு’ என்று என் கையெழுத்து. அந்த மாதம் கலத்தைத் திறக்கவே இல்லை என்பதும் அதே பக்கத்தில். அப்படியானால் ஸ்பிரிட் உள்ளே போக வழியில்லை.

நான்கு நாள் நோட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் அவர் ஒரு படிவத்தை நீட்டினார். பழைய தொழிற்சாலையில், லைனில் ஒரு பழுது வந்தால் இதை நிரப்புவார்களாம். ‘இதற்கு முன் நேர்ந்ததா? யார் கண்டது? என்ன செய்தார்?’ கீழே கையெழுத்து. ‘இல்லை’ என்று எழுத ஆரம்பித்தேன். ‘இ’யோடு பேனா நின்றுவிட்டது. தெரிந்தே ஒரு பொய்ப் பதிவு நான் எழுதியதில்லை. அதை அடித்துவிட்டு, ‘ஆம். நான் கண்டேன். ஸ்பிரிட் என்று விட்டுவிட்டேன்’ என்று எழுதி, நோட்டையும் கொடுத்தேன்.

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னாண்ணா, மொதல்ல பாத்தது நீங்கதானா? இத்த எடுக்க நாலு நாளா?” நோட்டை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார்.

புது இழை வந்தது. எலெக்ட்ரான் பாய்ச்சினால் மேடு வந்தது, நிறுத்தினால் வரவில்லை. அறிக்கையில் அவர் பெயர் முதலில், என் பெயர் கடைசியில்.

பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை. அது தலைதூக்கும் நாட்களில், நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் அந்தப் படிவத்தின் நகலை எடுத்து, அடித்துவிட்ட அந்த ஒற்றை ‘இ’யைப் பார்த்துக்கொள்கிறேன்.