பதினான்கு புள்ளி மூன்று

நான் முதல்முறையாக ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. மாலை ஆறு மணிக்குப் பேருந்து. மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்து பெட்டியை அடுக்கித் தருவதாகச் சொல்லியிருந்த சித்தி, பேருந்து புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போது நேராக நிலையத்துக்கு வந்தாள். வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"வழியனுப்ப வந்தியா, ஊசி போட வந்தியா சித்தி?"

"இன்னிக்கு எனக்கே ஊசி போட்டுட்டாங்கடி," என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சித்தி ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பத்தொன்பது வயதில் குடுவை கழுவச் சேர்ந்தவள். பட்டம் கிடையாது. மோல் கணக்கை மாணவிகள் விட்டுப்போன நோட்டுகளிலிருந்து தானாகக் கற்றுக்கொண்டாள். ஆறாம் வருஷம் கரைசல் தயாரிக்கும் மேசை அவளிடம் வந்தது. அதன்பின் இருபத்திரண்டு வருஷம் வேறு யாரும் அதைத் தொடவில்லை.

புதிதாகச் சேரும் பெண்களிடம் அவள் முதலில் சொல்வது இதுதான்: "ஒரு லிட்டர் தண்ணியில உப்பைப் போடறது வேற, உப்பைப் போட்டு ஒரு லிட்டர் ஆக்கறது வேற. முதல்ல சொன்னதைச் செய்யற ஆளா இருந்தா இப்பவே வெளிய போ." வீட்டிலும் அப்படித்தான். "இவ ஜூஸ் போட்டா, குனிஞ்சு அளவுக் கோட்டைப் பாத்துட்டுத்தான் குடிக்கணும்," என்பார் சித்தப்பா.

அன்று செய்முறைத் தேர்வு. நிறங்காட்டி சேர்த்த இருபது மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் குடுவையில் இளஞ்சிவப்பாக இருக்கும். ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஆக்ஸாலிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் போகும் இடத்தைக் குறிக்க வேண்டும். அமிலத்தின் செறிவு 0.05 மோலார் என்று தாளிலேயே இருக்கும். அதை வைத்துக் காரத்தின் செறிவைக் கணக்கிட வேண்டும். இருபது மில்லி அமிலம் இறங்கினால் சரியான விடை.

இருபத்தெட்டுப் பெண்களுக்கு 14.3 இறங்கியது. இரண்டு பேருக்கு 14.4.

வெளிக்கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் பேனாவை மூடினார். "எல்லாரும் ஒரே நோட்டைப் பாத்து எழுதியிருக்காங்க. மொத்தத் தேர்வையும் ரத்து பண்ணச் சொல்லி எழுதப் போறேன்."

துறைத்தலைவி சித்தியைத் திரும்பிப் பார்த்தார். தேர்வுக்கு முன் அவர் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். "உங்க கை எங்க தப்பப் போகுது," என்று சித்தியிடம் சொல்லி, செய்யாமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

சித்தி தன் மேசைக்குப் போனாள். பழைய அமிலப் புட்டி திங்கட்கிழமை தீர்ந்திருந்தது. புதியதை எடுத்துப் பார்த்தாள். வழக்கமான ஆக்ஸாலிக் அமிலப் படிகத்துக்குள் தண்ணீரும் சேர்ந்திருக்கும்; ஒரு மோலுக்கு 126 கிராம். இதுவோ நீரற்ற வகை, வெறும் 90 கிராம். அவள் கை பழக்கத்தில் 6.3 கிராமே எடுத்துப் போட்டிருந்தது.

வடிதாள் ஒன்றில் கணக்குப் போட்டாள். 126-ஐ 90-ஆல் வகுத்தால் 1.4. கரைசல் அத்தனை மடங்கு கெட்டி. இருபதை 1.4-ஆல் வகுத்தால் 14.3.

தாளைத் தேர்வாளர் முன் வைத்தாள். "ஐயா, தப்பு என் தராசுல. பொண்ணுங்க கையில இல்ல."

"நீங்க யாரு?"

"கரைசல் போடறவ."

அவர் நம்பவில்லை. சித்தி அவர் கண் முன்னே அதே புட்டியிலிருந்து 4.5 கிராம் எடுத்து, கரைத்து, கோடுவரை ஒரு லிட்டர் ஆக்கிக் கொடுத்தாள். அவரே செய்து பார்த்தார். சரியாக இருபதில் நிறம் போனது. குழாயின் அளவைக் குனிந்து சரிபார்த்துவிட்டு, "அப்ப 14.3 தான் இன்னிக்குச் சரியான அளவு," என்றார். "அந்த 14.4?"

"அதுங்க ரெண்டும் அவசரக் குடுக்கைங்க ஐயா. ரெண்டு சொட்டு கூட விட்டிருக்கும்."

பெண்கள் தேறினார்கள். சித்தியிடமிருந்து மேசையைப் பிடுங்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து மறுபடி குடுவை கழுவ வேண்டும்.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"முப்பது பொண்ணுங்கடி. ஒவ்வொண்ணும் எப்படிக் கண்ணு இமைக்காம உக்காந்து விட்டுச்சுங்க தெரியுமா? மேசை போனாப் போகுது." குரல் அங்கே மட்டும் கொஞ்சம் இறங்கியது. பிறகு என் பெட்டியைப் பார்த்து, "இதை எவ அடுக்கினா? துணியா, வைக்கோலா?" என்று திறந்து, நடைமேடையிலேயே மடிக்க ஆரம்பித்தாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிய மூன்று வருஷமும் அவளை அழைக்கும்போதெல்லாம் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். வருத்தமா என்று கேட்டால், "நல்லாக் கழுவின கண்ணாடியில தண்ணி ஒரே படலமா வழியும். சொட்டு சொட்டா நின்னா அழுக்குன்னு அர்த்தம். இன்னிக்கு எல்லாம் படலம்தான்," என்பாள். மேசையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "இப்ப அங்க இருக்கற பையன் தண்ணியை அளந்துட்டு உப்பைப் போடறான்," என்று சொல்லிப் பேச்சை மாற்றுவாள்.

திரும்பி வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு துறைமுகத்தில் படகுக்காகக் காத்திருந்தபோது கைபேசியில் அவளுடைய செய்தி வந்தது:

"மேசையைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. இப்ப தலைவி மேடமே தேர்வுக்கு முன்னாடி செஞ்சு பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடறாங்க. இன்னிக்கு எனக்கு இருபது, அவங்களுக்கு இருபது புள்ளி நாலு வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல."