வயிற்று வலி என்று எழுதினேன்

ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதுவது என் வேலை. வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன காரணம். நான்கு கட்டம். முதல் மூன்றில் நான் பொய் எழுதியதே இல்லை.

உயிரை விடத் துணிந்து, பிழைத்து வருகிறவர்கள் உண்டு. பூதிகோட்டைப் பக்கத்து ஆள் என்றால் பாதி கிராமமே கூட வரும். நடந்ததை ஆளாளுக்குச் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதிவிடுவேன். சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அப்படி முடியாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும், அதனால் மூடி மறைத்தே கொண்டுவருவார்கள். ஆண் என்றால் "குடிச்சது ஒத்துக்கலன்னு போடுங்க" என்பார்கள். பெண் என்றால் வயிற்று வலி. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் எனக்கு எழுத வரும். மூன்றிலும் வயிற்று வலி எழுதியிருக்கிறேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு.

எங்கள் லைனிலேயே நாலாவது வீட்டுப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருபவள். அவளைக் கொண்டுவந்த அன்று அவள் அம்மா என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நாளைக்கு அதுக்கு ஒரு கல்யாணம் காட்சி ஆவணும். நீங்களே பாத்து எழுதுங்க" என்றாள். பார்த்து எழுதினேன். பெண் பிழைத்து வீட்டுக்குப் போனாள்.

கொஞ்ச நாளில், இப்படிப்பட்டவர்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்க ஆள் போடப்போவதாகச் சொல்லி, மாவட்ட ஆபீசிலிருந்து ஊர் வாரியாக விவரம் கேட்டார்கள். என் பதிவேட்டின்படி பூதிகோட்டைப் பக்கம் கஷ்டம் இருந்தது. எங்கள் ஊர் இளம் பெண்களுக்கு வயிறு மட்டும்தான் சரியில்லை. அதைப் பார்த்த அதிகாரி, "உங்க ஊரு பொண்ணுங்க தைரியசாலிங்கம்மா" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. கவுன்சிலிங் அம்மாவைப் பூதிகோட்டைப் பக்கமே போட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் தனியாக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, மறுபடி அதே மாதிரி தோணுது. பயமா கீது. இங்க யாருகிட்ட பேசணும்?"

"பேசறதுக்குன்னு இங்க ஆள் இல்லம்மா. டோக்கன் எடுத்துக்க, டாக்டர் பாப்பாரு."

டாக்டர் புதியவர். அவளுடைய பழைய சீட்டைத் தேடி எடுத்து உள்ளே அனுப்பியது நான்தான். அவர் அதைப் படித்துவிட்டு, "மறுபடியும் வயிறா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. அவள் என்ன சொன்னாளோ தெரியாது. மாத்திரைக் கவரோடு வெளியே வந்தவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். எழுந்து ஓடியிருக்கலாம். ஜன்னலில் வரிசை நிற்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அட்மிஷன் போட்டேன். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். அம்மா மறுபடியும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வயித்து வலின்னே எழுதிடுங்க. சின்னவ ஒருத்தி கீறா" என்றாள்.

இந்தத் தடவை உள்ளதை எழுதினேன். அவள் அம்மா அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. மாத அறிக்கையில் எங்கள் ஊருக்கு நேரே ஒன்று என்று போட்டு, எங்களுக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டு அனுப்பினேன்.

பதில் வந்தது. ஆள் போட ஒன்று போதாதாம்.