கழிவறைக்குப் பக்கத்து ஸ்டாலில் முதலாளி இல்லை

கண்காட்சியில் ஸ்டால் போடுவது என்பது, பக்கத்து மண்டபக் கல்யாணத்துக்குப் போகிறவர்களை நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு "வாங்க, வாங்க" என்று கூப்பிடுகிற வேலை. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, கன்னம் வலிக்கச் சிரித்து நின்ற பழக்கம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அம்மாவும் சித்தியும் தோட்டத்தில் காய் எடுக்கிறவர்கள். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை, காலடியில் காய்க்கிறது. ஆகவே நாள் முழுக்கக் குத்தவைத்தே நகர வேண்டும். அம்மாவின் முழங்கால் போன மழைக்காலத்தோடு மக்கர் பண்ணிவிட்டது. இனி குத்தவைக்கவே கூடாது என்றார் டாக்டர். நின்றுகொண்டே காய் எடுக்க வழி இருந்தால் எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார் சூப்பர்வைசர். அம்மா சம்பளமில்லா லீவு போட்டார். நாங்கள் மூன்று பேரும் மாதாகோயிலுக்குக் கீழே ஒரு அறை பிடித்து, ஏலக்காய் டீத்தூள் தயாரித்து பாக்கெட் போட ஆரம்பித்தோம்.

பாலக்காட்டில் வியாபாரக் கண்காட்சி, காலை நேரம் கடைக்காரர்களுக்கு மட்டும் என்று கேள்விப்பட்டு நான்தான் பணம் கட்டினேன். கிளம்புமுன் அம்மா ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு கடையாவது மாசாமாசம் எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அறையைக் காலி பண்ணிவிட்டுத் திங்கட்கிழமை காலை தோட்டத்தில் பேர் கொடுத்துவிடுவார். முழங்காலைப் பற்றிக் கேட்டதற்கு, "அது பாட்டுக்கு அது வலிக்கும், நான் பாட்டுக்கு நான் எடுப்பேன்" என்றார்.

நல்ல இடம்

பூப்பாறையில் பஸ் ஏறி, போடி இறங்கி, பழனி பொள்ளாச்சியெல்லாம் சுற்றி, மூட்டை முடிச்சோடு போய்ச் சேர்ந்தால், எங்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் கழிவறைப் பாதையின் முதல் மேசை. நாங்கள் விற்பது வாசனை. எங்களுக்குப் பின்னால் பினாயில். டப்பாவைத் திறந்து ஏலக்காய் மணத்தைக் காட்டுவதற்கு முன்னால், கதவு திறந்து அவர்கள் மணத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

எனக்கு எம்.ஏ. அரசியல் வகுப்பில் பேசாமல் இருந்ததாகப் பெயர் இல்லை. நேரே நிர்வாக மேசைக்குப் போய், எந்த அடிப்படையில் இடம் பிரித்தீர்கள், சிறு தொழிலுக்கு ஒரு நியாயம் பெரிய கம்பெனிக்கு ஒரு நியாயமா என்று ஆரம்பித்தேன். அங்கே இருந்தவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், நெற்றியில் சந்தனம், கையில் வாக்கிடாக்கி. நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். எதிர்த்துப் பேசுகிறவர்களை நான் சமாளிப்பேன். பொறுமையாகக் கேட்கிறவர்கள்தான் ஆபத்து.

"ஏனுங்க கண்ணு, மத்த ஸ்டாலுக்கெல்லாம் போறவங்க போவாங்க, போகாதவங்க போகமாட்டாங்க. உங்க ஸ்டால் வழியா வராம யாராலயாச்சும் சாயங்காலம் வரைக்கும் தாங்க முடியுங்களா?"

படத்தில் இருந்தவர்

பேனர் அடிக்கக் கொடுத்தபோது, அம்மாவும் சித்தியும் அறை வாசலில் ஏலக்காய் உரிக்கிற போட்டோவைத்தான் அனுப்பினேன். வந்ததோ வேறு. பச்சைப் பட்டுச் சேலை, நெற்றிச்சுட்டி, தோளில் தேயிலைக் கூடை, கூடைக்குள் இரண்டே இலை, பல்லெல்லாம் வெளியே தெரிகிற ஒரு பெண். கேட்டதற்கு, உங்கள் படத்தில் வெளிச்சம் பத்தவில்லை, அதனால் நல்லதாக ஒன்று நாங்களே போட்டுவிட்டோம் என்றார்கள். நெற்றிச்சுட்டி போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளினால் முதல் மிலாறுக் குச்சியில் சுட்டி மாட்டும், இரண்டாவதில் முடி மாட்டும். இதை நான் போனில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அங்கே வைத்துவிட்டார்கள். திரும்ப அடிக்க நேரமில்லை.

முதல் நாள் காலை பெரிய பை மாட்டிய கடைக்காரர் ஒருவர் எங்கள் முன்னால் நின்றார். அண்ணாந்து பேனரைப் பார்த்தார். குனிந்து அம்மாவைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார். சித்தி அவசரமாகச் சேலை மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டார். நான் டீத்தூள் டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார்:

"இந்தம்மா எத்தன மணிக்கு வருவாங்க?"

மூன்று கப் நம்பிக்கை

வாங்குகிறவர்களை இழுக்க ருசி காட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ருசி காட்டினோம். சித்தி ஒரு ஃபிளாஸ்க் போட்டுத் தீரும்முன் அடுத்தது போட்டார். செக்யூரிட்டிக்காரர் வந்து குடித்தார், துப்புரவு அம்மாக்கள் வந்து குடித்தார்கள், வாக்கிடாக்கிக்காரர் வந்து குடித்துவிட்டுச் சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம் என்றார்.

நடுவில் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. முதல் கப்பைக் குடித்துவிட்டு, தூள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டார். நான் ஆர்டர் புத்தகத்தைக் கைக்கு எட்டும்படி இழுத்து வைத்தேன். இரண்டாவது கப்பில், பாக்கெட்டை வாங்கி ஒட்டிய வாயை அழுத்திப் பார்த்தார். அம்மா ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார். மூன்றாவது கப் முடியும்போது மொத்த விலை, பெட்டிக்கு எத்தனை பாக்கெட், லாரியில் போடுவீர்களா பஸ்ஸில் போடுவீர்களா என்று எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்திருந்தேன். எத்தனை கடை வைத்திருக்கிறீர்கள் சார் என்றேன்.

"கடையா? நானும் ஸ்டால்தாம்மா போட்டிருக்கேன், அந்தக் கோடியில, தரை தொடைக்கிற மாப். காலையிலேருந்து ஒருத்தரும் எங்கிட்டப் பேசல, அதான் இங்க வந்து நின்னேன்."

எழுந்து நிற்கிற வியாதி

இரண்டாம் நாள்தான் உண்மையான நோய் எது என்று பிடிபட்டது. பேன்ட், ஷூ போட்ட யார் மேசைக்கு முன் வந்தாலும், அம்மாவும் சித்தியும் நாற்காலியை விட்டு எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு அடி பின்னால் போய் நின்றுவிடுவார்கள். தோட்டத்தில் அப்படித்தான். ரவுண்ட்ஸ் என்று பார்வையிட ஆள் வந்தால் எழுந்து தள்ளி நிற்க வேண்டும். கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். வாங்க வந்தவர் பார்க்கும்போது மேசைக்குப் பின்னால் கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் பயந்து நிற்பதுபோல இருக்கும். நான் எம்.ஏ. வகுப்பிலிருந்து போன் வந்ததென்று வெளியே போயிருந்த நேரம், ஒலவக்கோட்டு மலையாளி ஒருவர் வந்து, "முதலாளி எவிடெ அம்மே?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பணிவாக, "முதலாளி இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவைத்திருக்கிறார்.

நான் திரும்பி வந்து குதித்தேன். இது யார் கம்பெனி, லைசென்ஸ் யார் பேரில், அறைக்குச் சாவி யார் இடுப்பில் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அம்மா "எம்பேர்லதான்", "எங்கிட்டதான்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு முதலாளி யார் என்றேன். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்:

"நாந்தான் முதலாளின்னு சொன்னா, அப்ப எதுக்கு நீ எந்திரிச்சு நின்னன்னு அவுக கேப்பாகள்ல பிள்ள?"

நான் ஜெயித்த விவாதம்

இனிமேல் நானே பேசுவது என்று முடிவாயிற்று. கொழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர் மாட்டினார். ஏற்கெனவே பெரிய கம்பெனிகளின் டீத்தூள் ஏழெட்டு வகை இருக்கிறது, இன்னொன்றை யார் கேட்பார் என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அந்தத் தூளெல்லாம் எங்கிருந்து வருகிறது, கிள்ளியது யார் கை, வாசனை என்று அதில் சேர்ப்பது என்ன, எங்கள் பாக்கெட்டில் சேர்ப்பது என்ன, கடைக்காரருக்கு ஒரு சமூகப் பொறுப்பு உண்டா இல்லையா. பக்கத்து ஸ்டாலில் ஊறுகாய் விற்ற அண்ணன்கூட வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அவர் ஒவ்வொரு இடத்திலும் தலையாட்டினார். ஒரு பாயிண்டைக்கூட மறுக்கவில்லை. கல்லூரி மேடையாக இருந்தால் கோப்பையைக் கையில் கொடுத்திருப்பார்கள். நான் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினேன். அவர் கைகளைக் கூப்பினார்.

"நீங்க சொல்றது பூராமே நாயந்தானுங்க அம்மிணி, ஒண்ணு தப்பில்ல. ஆனா நாயத்த நான் எந்த ஷெல்ஃபுல வெச்சு விக்கிறதுங்க?"

திரைக்குப் பின்னால் ஒருவர்

கடைசி நாள். மதியத்தோடு கடைக்காரர்கள் நேரம் முடிகிறது. சித்தி ஸ்டாலுக்குப் பின்னாலிருந்த திரைக்கு அந்தப் பக்கம் மிச்சப் பாக்கெட்டுகளைச் சாக்கில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா குத்தவைத்து எழுந்து பார்த்தார், திங்கட்கிழமைக்கு ஒத்திகை. மூன்றாவது முறை மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

அப்போது டவுனில் இரண்டு கடை வைத்திருக்கிறவர் வந்தார். வந்தவர் டப்பாவை முகர்ந்தார், வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டார், நேரே விஷயத்துக்கு வந்தார். இரண்டு கடைக்கும் மாசாமாசம் எடுக்கலாம். ஆனால் எங்கள் பெயர் வேண்டாம், பாக்கெட்டில் அவர் கடைப் பெயர் போட வேண்டும். விற்காததைத் திருப்பி அனுப்புவார். எனக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. உழைப்பு எங்களுடையது, பெயர் உங்களுடையதா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். மேசைக்குப் பின்னால் அம்மா என் காலை மிதித்தார்.

வழக்கம்போல அம்மா எழுந்துதான் நின்றிருந்தார். முந்தானையும் போர்த்தியிருந்தது. "முதலாளிட்ட கேட்டுட்டு வாறேங்க" என்றார். போனை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன். சித்தி சாக்குமேல் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். அம்மா அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். "அக்கா, யாரு லைன்ல?" என்றார் சித்தி. "பேசாம தின்னு" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"பேர மாத்த முதலாளி ஒத்துக்கிட மாட்டேங்காருங்க. ரொம்பக் கோவிக்காரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வசனத்தை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போக அரை நாள் வேண்டும் என்றால், சூப்பர்வைசர் ஆபீசுக்குள் போய்விட்டு வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வார்: மேலே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். மேலே யார், இவர் கேட்டாரா, அங்கே நாற்காலியில் ஆள் இருந்ததா என்று ஒருவரும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் தனக்கு எதிராக ஓடிய அந்த வண்டியில் அம்மா இப்போது தானே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் கொஞ்சம் இறங்கினார். பெயர் உங்களுடையதே இருக்கட்டும், விற்காததைத் திருப்புவேன் என்றார். அம்மா மறுபடி திரைக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். அதற்கும் முதலாளி சம்மதிக்கவில்லை. உடைந்த பாக்கெட்டை மட்டும் மாற்றிக்கொடுக்கச் சொன்னாராம், அதுவும் மனசே இல்லாமல்தானாம். நானாக இருந்தால் முதல் சுற்றிலேயே ஜெயித்து, ஆளை அனுப்பியிருப்பேன். இவரோ அம்மாவுக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டார். ஆர்டர் புத்தகத்தில் இரண்டு கடை முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாசத்துக்கு நாலு பெட்டி. பெரிய ஆர்டர் ஒன்றும் இல்லை, ஆனால் அறையைக் காலி பண்ண வேண்டாம். போகும்போது அம்மாவிடம் ஆறுதலாகச் சொன்னார்:

"இப்படிப்பட்ட மனுஷன்கிட்ட எப்படித்தான் வேல பாக்குறீங்களோ, கால் வேற முடியல போலிருக்கு, கொஞ்சம் உக்காந்துக்கிட விடச் சொல்லி அவர்ட்ட நான் வேணா பேசட்டா?"

திரும்புகிற பஸ்ஸில்

பொள்ளாச்சி தாண்டியதும் நான் அம்மாவிடம் ஆரம்பித்தேன். ஆம்பளை முதலாளி ஒருத்தன் இருக்கிறான் என்று பொய் சொன்னால்தான் பொம்பளை செய்த டீத்தூளை வாங்குவார்கள் என்றால், அந்த வியாபாரம் நமக்கு எதற்கு? உன் பெயரைக் காப்பாற்ற உன்னையே மறைத்தால் அது என்ன ஜெயம்? போடிமெட்டு ஏறும்வரை கேட்டேன். அம்மா காலை நீட்டி என் மடியில் வைத்திருந்தார். திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போக வேண்டாம் என்ற நிம்மதியில் பாதிக் கண் மூடியிருந்தது. சித்திக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அடுத்த மாசம் அந்தக் கடைக்காரர் போன் பண்ணி முதலாளியைக் கூப்பிடு என்றால் என்ன செய்வது?

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ரவுண்ட்ஸ் போயிருக்காருன்னு சொல்லு."

மேலே ஆள் வைத்து அதிகாரம் பண்ணாத ஒரு தொழில் வேண்டும் என்றுதான் மூன்று பெண்கள் சேர்ந்து இதை ஆரம்பித்தோம். இன்றுவரை எங்கள் கம்பெனியில் வியாபாரம் பேசத் தெரிந்த ஒரே ஆள் அந்த இல்லாத முதலாளிதான்.