பூஞ்சை பூத்த அலமாரியும் போகி நெருப்பும்

தோட்டம் போட்டுக் கொடுக்கிறதுதான் என் தொழில்னு விசிட்டிங் கார்டுல இருக்கு, ஆனா மழைக்காலம் முடிஞ்சா நான் செடியைப் பார்க்கிறதே இல்ல, தோட்டத்துச் சாமான் வைக்கிற மர அலமாரியில பூத்த பூஞ்சையைத்தான் பார்க்கிறேன்.

உங்க வீட்லயும் இருக்கும், மறைக்காதீங்க. பின்னாடி ஒரு தகர ஷெட், அதுல ஒரு பழைய மர அலமாரி, அதுல ஈரத்தோட தேங்காய் நார்த்தூள் மூட்டை. ஐப்பசி மழைக்குக் கதவைச் சாத்தி, மார்கழியில திறந்தா, பலகை பூரா வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கெடக்கும். உடனே வீட்டம்மா, "போகிக்குத் தூக்கிப் போட்டுக் கொளுத்து"ம்பாங்க. வீட்டுக்காரர் எனக்குப் போன் பண்ணுவார். அம்பத்தூர்லேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் இதே கதைதான்.

நூம்பல்: கெடு

போன மார்கழியில முதல் போன் நூம்பல் ஞானசேகரன் சார் வீட்லேர்ந்து. ஆவடி ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஏலத்துல எடுத்த பேக்கிங் பெட்டிப் பலகையை வச்சு, குவார்ட்டர்ஸ்லயே தன் கையால செஞ்ச அலமாரி. மொதல்ல அதுல பாத்திரம் இருந்துச்சாம், அப்புறம் பிள்ளைங்க புத்தகம், இப்போ மண்புழு உரம். 'இந்தப் பக்கம் மேலே'ன்னு அச்சடிச்ச அம்புக்குறி இன்னும் கீழே பார்த்துட்டு நிக்குது. அதை யாரும் அவர்கிட்ட சொல்றதில்ல.

அவர் சம்சாரம் விஜயாம்மா திருநெல்வேலிக்காரங்க. அவங்களுக்கு வீசிங். ஷெட் பக்கம் போனாலே மூச்சு இழுக்குது. அலமாரியை வெளியே இழுத்து, மூக்கைக் கட்டிக்கிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால தேய்ச்சு, வினிகர் அடிச்சுத் துடைச்சு, வெயில்ல காய வச்சேன். சார் கூடவே நின்னு, "மெதுவாம்மா, மெதுவா"ன்னாரு, ஏதோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி. விஜயாம்மா காபி கொடுத்துட்டுச் சொன்னாங்க: "நீ என்ன வேணா தேய்ச்சுக்கோ கலா. போகிக்குள்ள இந்த நாத்தம் போகலன்னா இது நெருப்புக்குத்தான். நான் சொன்னா சொன்னதுதான்."

மண்ணூர்பேட்டை: பச்சை பெயிண்ட்

மண்ணூர்பேட்டை லேத் பட்டறை பாபு நம்மளை நம்பாத ஆள். தானே வைத்தியம் பார்த்தாச்சு. பட்டறையில மெஷினுக்கு அடிச்சு மிச்சமான பச்சை பெயிண்டைப் பூஞ்சை மேலயே ரெண்டு கோட்டிங் அடிச்சுட்டார். "உள்ள கீறது யாருக்குத் தெரியப்போவுது"ன்னு கேள்வி வேற. தெரிஞ்சுது. ஒரே வாரத்துல பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டு வந்துச்சு. மொத்தத்தையும் சுரண்டி எடுக்கிறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுடுச்சு.

ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டினா அது சும்மா இருக்குமான்னு நான் கேட்க, அவர் உதிர்ந்த பெயிண்ட் சில்லு ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு யார் மேலன்னு கண்டுபிடிச்சுட்டார். "பலகை மேல தப்பு இல்லக்கா. பெயிண்டுக்கே பூஞ்சை புட்ச்சிகினு கீது."

நசரத்பேட்டை: அருள்

இந்த அம்மா பேரைச் சொல்ல மாட்டேன், ஏன்னு உங்களுக்கே புரியும். ஆயுத பூஜைக்கு மம்பட்டி, பூவாளி, அலமாரி எல்லாத்துக்கும் சந்தனம் குழைச்சுப் பொட்டு வச்சிருக்காங்க. பொட்டு காயுறதுக்குள்ள மழை வந்துடுச்சு. நான் போனப்போ ஒவ்வொரு பொட்டு மேலயும் வெள்ளையா, மெத்து மெத்துன்னு பூத்திருக்கு. பிரஷ்ஷைத் தூக்கினேன், கையைப் பிடிச்சுட்டாங்க. பூஞ்சை இல்லையாம், விபூதியாம். பொட்டுல மட்டும் வந்திருக்குன்னா பார்த்துக்கோன்னாங்க.

நானும் சாமி கும்பிடுறவதான். ஆனா விபூதிக்கு நனைஞ்ச சாக்கு நாத்தம் வராதுல்ல? மோந்து பாருங்கம்மான்னேன். மோந்தாங்க. தெருப்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: "தேய்ச்சுடு. ஆனா எதுத்த வீட்ல மட்டும் மூச்சு விட்டுடாத. ரெண்டு நாளா வந்து நெத்தியில பூசிட்டுப் போறாங்க."

நூம்பல்: போர்வை

மத்தவங்களைக் கிண்டல் பண்ணிட்டிருந்த எனக்கு நூம்பல்ல பருப்பு வேகல. எத்தனை தரம் எடுத்தாலும் வாரத்துல திரும்பப் பூக்குது. வினிகரைத் திட்டினேன், மேகத்தைத் திட்டினேன். கூலி வாங்கவே வெக்கமா இருந்துச்சு. போகி வேற நெருங்கிடுச்சு. சார் பேசுறதைக் குறைச்சுட்டார். தினமும் ஷெட்டு வாசல்ல போய் நின்னுட்டு வருவாராம். அதைக் கேட்கத்தான் எனக்குப் பாவமா இருந்துச்சு.

ஒரு நாள் மறந்துட்டு வந்த பிரஷ்ஷை எடுக்கக் காலையிலேயே போனேன். ஷெட்டுல அலமாரியைக் காணோம். ஒரு பழைய கம்பளி, அது மேல தார்ப்பாய், சுத்திக் கயிறு, ஃபேக்டரியிலேர்ந்து லாரி ஏத்துற மாதிரி முடிச்சு. அவிழ்த்தா உள்ளே வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்குது அலமாரி. சார்தான் சாயந்திரம் போத்திவிட்டு, காலையில யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுவாராம். "பனி இறங்குதேம்மா"ன்னு தலையைச் சொறிஞ்சார். பின்னாடியே வந்த விஜயாம்மா அந்தக் கம்பளியைப் பார்த்தாங்க. சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. என்கிட்டதான் சொன்னாங்க: "எனக்கு மூச்சு முட்டுதுன்னு ஐப்பசியிலேர்ந்து சொல்லுதேன். ஒரு நாளாவது எனக்கு ஒரு போர்வை எடுத்துப் போத்திவிட்டாவளா? அலமாரிக்குப் போத்தியிருக்காவ, கலா."

நூம்பல்: போகி

போர்வையை எடுத்தாச்சு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வச்சாச்சு. இனிமே பூக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஏறின நாத்தம் போக இன்னும் நாலு வெயில் வேணும். வானம் மூடியே கெடந்துச்சு, போகியும் வந்துடுச்சு. மனசு கேட்காம விடிகாலையில வண்டியை எடுத்துட்டுப் போனேன். தெருவுல பழைய பாயும் முறமும் எரிஞ்சிட்டிருக்கு. சார், வீட்டு வாசல்ல, அலமாரியைத் தானே தூக்கிட்டு வந்து நெருப்புக்குப் பக்கத்துல வச்சுட்டு நிக்கிறார். கண்ணு கலங்கியிருக்கு, புகைன்னு சொல்லிக்கலாம். "அவ மூச்சை விடவா இது பெருசு? சொல்ல வேண்டியதை அன்னிக்குச் சொல்லிட்டாளே"ன்னு, ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

விஜயாம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே வந்தாங்க. தோள்ல அந்தக் கம்பளி, துவைச்சுக் காய வச்சது. நெருப்பைப் பார்த்தாங்க, அலமாரியைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க. "எரிக்கச் சொன்னா எரிச்சிருவியளோ? அந்தப் புகையை யாரு குடிக்க, நான்தானே? உள்ள கொண்டுபோயி வைங்க. அம்புக்குறி தலைகீழா இருக்கு, அதையும் பார்த்து வைங்க."

பலகையில பூத்ததுக்கு ஒரு பாட்டில் வினிகரும் நாலு நாள் வெயிலும் போதும், அந்தப் பலகையை வச்சிருக்கிறவங்களுக்காகத்தான் நான் வருஷா வருஷம் போக வேண்டியிருக்கு.